பற்கள் வெளுக்க வேண்டுமா?

கண்ணாடியில் உங்கள் பற்களைப் பாருங்கள். சற்று மஞ்சளாக இருக்கின்றனவா? உடனே செங்கல் பொடியைத் தேடி ஓடாதீர்கள்! அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம்.

பல்லின் மேலுறை எனாமல். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். இதில் சுமார் 96 விழுக்காடு தாது உப்புகள். எனாமல் வழியே ஓரளவு ஒளி ஊடுருவும். அதனடியிலுள்ள டென்டைன் இயற்கையிலேயே இளமஞ்சள். ஆகவே, நல்ல பல்லும் பால்போல் வெளுத்திருப்பதில்லை.

இனி ஒரு சோதனை. அம்மாவிடம் கேட்டு, பழைய எவர்சில்வர் மூடி ஒன்றைச் செங்கல் பொடியால் தேய்த்துக் கழுவுங்கள். கீறல்கள் தெரிகின்றன அல்லவா? பொடியிலுள்ள மணல் எனாமலையும் இப்படித்தான் கீறும். கறை போகும், கூடவே எனாமலும் தேயும். தேயத் தேய, அடியிலுள்ள மஞ்சள்தான் மேலும் தெரியும்! முறிந்த எலும்பு கூடும். தேய்ந்த எனாமல் வளராது. அதை உண்டாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. எலுமிச்சைச் சாறும் வேண்டாம். அதன் அமிலம் எனாமலைக் கரைக்கும்.

பின் என்னதான் செய்வது? காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷால் பற்பசையிட்டு அழுத்தாமல் துலக்குங்கள். படிந்த காரையையும் தேநீர்க் கறையையும் பல் மருத்துவர் சுத்தம் செய்வார். கிணற்று நீரில் புளோரைடு மிகுந்த தருமபுரி போன்ற பகுதிகளில் சிலர் பற்களில் காணும் பழுப்பு நிறம் எனாமலுக்குள்ளேயே இருப்பது; துலக்கினால் போகாது. இத்தகைய நிறத்தைக் குறைக்க மருத்துவர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்துவதுண்டு. அது நிறப்பொருள்களை ஆக்சிஜனேற்றம் செய்து வெளுக்க வைக்கிறது. ஆனால், ஈறைப் புண்ணாக்கும். வீட்டில் நீங்களே செய்து பார்க்கக் கூடாது.

வெள்ளைப் பல் வேறு, நலமான பல் வேறு. உங்களுக்கு எது வேண்டும்?