வரைபடத்தில் ஒரு வௌவால்

கேள்வி: சலீம் அலி பழந்தின்னி வௌவால் எங்கெல்லாம் வாழும் என்று கணினி போடும் வரைபடத்தை நம்பலாமா?

பதில்: தேடப் போக நம்பலாம், இருக்கிறது என்று அடித்துச் சொல்ல அல்ல. 1948-ல் மேகமலையில் பிடிபட்டு, வேறோர் இனமென்று எண்ணப்பட்டு, 1972-ல்தான் தனி இனமென்று அறியப்பட்ட வௌவால் இது. மேக்ஸென்ட் போன்ற மென்பொருள், இது சிக்கிய இடங்களின் மழையையும் வெப்பத்தையும் பார்த்து, அதே சாயலுள்ள மற்ற மலைகளுக்கும் வண்ணம் தீட்டும். ஆனால் வௌவால் பிடிக்க வலை கட்டுபவர்கள் பெரும்பாலும் ஜீப் போகும் எஸ்டேட் பக்கம்தான் போவார்கள். வௌவாலின் விருப்பத்தோடு நம் வசதியும் கணக்கில் ஏறிவிடும். பதிவான இடங்களோடு மென்பொருள் ஒப்பிடும் புள்ளிகளையும் அதே பக்கங்களிலிருந்து எடுத்தால் இந்தக் கோணல் குறையும். பதிவுகளே சொற்பம், பிறகென்ன கணக்கு என்பார்கள். ஒரு பதிவை ஒளித்துவிட்டு, மற்றவற்றால் அந்த இடத்தைக் கணிக்க முடிகிறதா என்று மாற்றி மாற்றிச் சோதிக்கலாமே! பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே வண்ணம் விழுந்தால் மட்டும் நான் தயங்குவேன்: அங்கே மழை பொருந்தலாம், இடையிலுள்ள தாழ்ந்த வெளியை வௌவால் கடந்ததா என்று மழைக்கணக்கு சொல்லாது.