பண்டிகைக் கூட்டத்தில் இணையதளம் நின்றுவிடாமல் இருக்க



நம் மளிகைக் கடைக்காரர்கள் பலர் இன்று சொந்தமாக இணையதளம் வைத்து ஆர்டர் எடுக்கிறார்கள். சாதாரண நாட்களில் அது நன்றாகவே ஓடுகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம் சலுகை அறிவித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்க, தளம் நின்றுவிடுகிறது. வாடிக்கையாளர் காத்திருப்பதில்லை; பெரிய நிறுவனத்தின் செயலிக்குப் போய்விடுகிறார். போனவர் திரும்புவது அரிது. ஆகவே இதை நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தளம் ஏன் நிற்கிறது?

ஒருவர் பருப்பு வகைகள் பக்கத்தைத் திறந்தால், சர்வர் என்னும் கணினி, டேட்டாபேஸ் என்னும் பேரேட்டைப் புரட்டி, சரக்கு, விலை, படம் அனைத்தையும் சேர்த்து அந்தப் பக்கத்தை அப்போதுதான் தயாரிக்கிறது. அடுத்தவர் அதே பக்கத்தைக் கேட்டாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொருவருக்கும் மூட்டையைப் பிரித்துத் தராசில் நிறுத்துக் கொடுப்பது போலத்தான் இது.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு பக்கம் தயாரிக்க அரை விநாடி. ஒரே சமயத்தில் 4 பக்கங்கள் தயாராகும் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 8 பேருக்குத்தான் கொடுக்க முடியும். விநாடிக்கு 20 பேர் வந்தால் 12 பேர் பாக்கி. ஒரே நிமிடத்தில் 720 பேர் காத்திருப்பார்கள். பொறுமை இழந்தவர்கள் திரும்பத் திரும்ப அழுத்த, கூட்டம் மேலும் பெருகும்.

பொட்டலம் கட்டி வையுங்கள்

பண்டிகைக்கு முன் சர்க்கரையையும் பருப்பையும் ஒரு கிலோ பொட்டலங்களாகக் கட்டி அடுக்குகிறோம் அல்லவா? தளத்திலும் அதைச் செய்யலாம். ஒருமுறை தயாரித்த பக்கத்தை ஒரு நிமிடம் வைத்திருந்து, வருபவர்களுக்கெல்லாம் அதையே கொடுப்பது. இதைக் கேஷிங் என்பார்கள். மேற்சொன்ன கணக்கில், ஒரு நிமிடத்தில் வரும் 1,200 பேருக்கும் ஒரே ஒரு முறை தயாரித்தால் போதும்.

ஆனால் எல்லாவற்றையும் பொட்டலம் கட்டக்கூடாது. விலைப்பட்டியல், படங்கள், கடை முகவரி ஆகியவை எல்லோருக்கும் பொது, கட்டலாம். வாடிக்கையாளரின் பில், முகவரி, பழைய பாக்கி ஆகியவற்றைக் கட்டவே கூடாது. 2015 டிசம்பர் 25 அன்று, ஸ்டீம் என்னும் கணினி விளையாட்டு விற்பனைத் தளத்தில் கூட்ட நெரிசலைச் சமாளிக்கச் செய்த ஏற்பாட்டில் இந்தப் பிழை நேர்ந்து, ஒருவருடைய கணக்கு விவரம் இன்னொருவருக்குத் தெரிந்தது. சுமார் 34,000 பேருடைய விவரங்கள் இப்படி வெளியாகியிருக்கலாம் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனமே அறிவித்தது.

மேலும் கவனிக்க வேண்டியவை

1. விலையை மாற்றியதும் பழைய பக்கத்தை உடனே அழிக்கச் சொல்லுங்கள். தளத்தில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்றால் தகராறுதான்.

2. சலுகைச் செய்தியை 2,000 பேருக்கும் ஒரே நேரத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். 10 நிமிட இடைவெளியில் 200, 200 பேராக அனுப்புங்கள். செலவே இல்லாத வழி இது.

3. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தனி எண் இருக்கட்டும். இருமுறை அழுத்தினாலும் ஒரு பில்தான் விழ வேண்டும்; பணமும் ஒருமுறைதான் போக வேண்டும்.

4. படங்களின் அளவைக் குறையுங்கள். அன்றைக்கு அவசியமில்லாத அலங்காரங்களை நிறுத்தி வையுங்கள்.

5. தாங்காத கூட்டம் வந்தால் ஒளிக்காமல் அறிவியுங்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு நேரத்தில், பிக்பாஸ்கெட் நிறுவனமே பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான் சேவை என்று தன் தளத்தில் அறிவித்தது. "10 நிமிடம் கழித்து வாருங்கள், அல்லது கடைக்குத் தொலைபேசி செய்யுங்கள்" என்று எண்ணுடன் ஓர் எளிய பக்கம் தயாராக இருக்கட்டும். வெறும் திரையைப் பார்ப்பவர் கடை மூடிவிட்டது என்றே நினைப்பார்.

தளம் அமைத்துத் தந்தவரைப் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே அழைத்து, இரண்டு கேள்விகள் கேளுங்கள். விநாடிக்கு எத்தனை பேரை நம் தளம் தாங்கும்? எந்தெந்தப் பக்கங்கள் முன்கூட்டியே தயாராக இருக்கின்றன? வாயால் சொல்வதோடு விடாமல், கடை மூடிய பிறகு ஒரு நாள் இரவில் சோதனைக் கூட்டம் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். சரக்கைப் பார்க்காமல் கொள்முதல் செய்யாத நாம், இதிலும் அப்படியே இருப்போம்.