பாம்பறிவும் கொல்லாமையும்

பகவான் பார்சுவநாதரின் திருமுடிக்கு மேல் படம் விரித்து நிற்கும் நாகத்தை நாம் கைகூப்பி வணங்குகிறோம். அதே நாம், வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பாம்பைக் கண்டால் தடியைத் தேடுகிறோம். இதற்குக் காரணம் இரக்கமின்மையன்று, அறியாமையே. எது நஞ்சுடையது, எது நஞ்சற்றது என அறியாதவர்க்கு எல்லாப் பாம்பும் எமனாகவே தோன்றும்.

ஆரணியைச் சூழ்ந்த நெல்வயல்களிலும் மணிலாக் கொல்லைகளிலும் எலிகள் உண்டு. அவற்றைத் தேடிப் பாம்புகள் வருகின்றன. நெசவாளர் இல்லங்களில் குழித்தறியின் பள்ளம் இருளும் தண்மையும் உடையதால், அவை ஒதுங்கக்கூடிய இடமாகும். நான்கு முழம் முன்னே நோக்கி நடக்கும் முனிவர்களின் ஈர்யா சமிதி இங்கு நமக்கும் பயன்படும். தறிக்குழியில் காலை இறக்குமுன் கைவிளக்கால் பார்த்தல் எறும்பையும் காக்கும், நம்மையும் காக்கும்.

நம் நாட்டில் மிகுந்த உயிரிழப்புக்குக் காரணமானவை நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்காம். 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என ஆய்வாளர் கணித்துள்ளனர்.

இவற்றுள் கட்டுவிரியனைப் பற்றியே விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. இது இரவில் உலவுவது. தரையில் உறங்குவோரைத் தீண்டுவது. பற்குறி சில வேளை கண்ணுக்கே புலப்படாது. வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. விடியலில் வயிற்றுவலி தோன்றும், பின்னர் இமைகள் தொங்கும், பேச்சுக் குழறும். அஜீரணம் என்று கஷாயம் காய்ச்சிக் காலங்கடத்துவது உயிருக்கே கேடாகும். கட்டிலில், கொசுவலையின் ஓரங்களைப் படுக்கையடியில் செருகி உறங்குதல் நல்ல காப்பு.

ஏறக்குறைய இதே தோற்றமுடையது நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையன். பல்லியைத் தேடிச் சுவரேறும் இந்த எளிய உயிர், விரியன் என்றே அடிபட்டுச் சாகிறது. கட்டுவிரியனின் கருமேனியில் மெல்லிய வெண்பட்டைகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக அமைந்து, கழுத்தருகே மங்கி, வாற்புறம் தெளிந்திருக்கும். வரையனுக்கோ பட்டைகள் கழுத்தருகே அகன்று தெளிந்து, வாற்புறம் மங்கும். தொலைவில் நின்றே நோக்குக.

கண்ணாடிவிரியனின் முதுகில் சங்கிலிபோல் மூன்று வரிசைப் புள்ளிகள் உண்டு. குக்கரைப் போல் சீறும். மண்ணுளிக்குத் திட்டுகள் ஒழுங்கற்றவை, வால் மொண்ணை. சாரை படமெடுக்காது. சாரை நல்லபாம்பின் ஆண் என்பதும், கொம்பேறிமூக்கன் தான் கடித்தவரின் சிதைப்புகையைக் காணச் சுடுகாட்டு மரமேறும் என்பதும் கட்டுக்கதைகள். பிள்ளைகள் எளிதில் விட்டுவிடுகின்றனர். பெரியோரே விட மறுக்கின்றனர்!

இவ்வறிவு பாம்பைக் கொல்லாது விடுவதற்கேயன்றி, கடிபட்டபின் “வெறும் வரையன்தான்” என்று வீட்டிலிருப்பதற்கன்று. எப்பாம்பு கடித்தாலும் மருத்துவமனைக்கே செல்க. கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் கூடா. மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் கொண்டு செல்க. பாம்பை அடித்து எடுத்துச் செல்ல வேண்டுவதில்லை. நச்சுமுறி மருந்து மேற்கூறிய நான்கிற்கும் பொதுவானது. 1978ஆம் ஆண்டு தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்புகளைப் பிடித்து, நஞ்செடுத்தபின் மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்தே மருந்து ஆக்கப்படுகிறது. இது நம் நெஞ்சை உறுத்தவே செய்யும். ஆயினும் கடிபட்டவருக்கு வேறு மருந்தில்லை.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. வீட்டினுள் பாம்பு புகுந்தால் குழந்தைகளை வெளியேற்றுக. ஒருவர் தொலைவில் நின்று அது செல்லுமிடத்தைக் கண்காணிக்க, மற்றொருவர் தீயணைப்பு நிலையத்தை 101 என்னும் எண்ணில் அழைக்கலாம்.