நுரைச்சோலைக் காற்றும் நமது இரசாயனவியலும்

பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் செல்வோருக்கு, நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி வெகு தொலைவிலேயே தெரியத் தொடங்கும். உயர்தர வகுப்பில் இரசாயனவியல் கற்பிக்கும் எனக்கு அது ஒரு திறந்த பாடநூல். "டீச்சர், அந்தப் புகையால் நமக்குக் கெடுதியா?" என்று ஒவ்வொரு வருடமும் மாணவியர் கேட்பார்கள். "ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் எது வருகிறது, எவ்வளவு வருகிறது, எப்போது வருகிறது, எங்கே போகிறது என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை தேடினால்தான் அது அறிவாகும்.

என்ன எரிகிறது?

'லக்விஜய' எனப் பெயரிடப்பட்ட இந்நிலையம் இலங்கை மின்சார சபைக்காகச் சீன நிறுவனமொன்றால் அமைக்கப்பட்டது. கட்டட வேலை 2006இல் ஆரம்பமாகியது. முதலாவது அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று அலகுகளும் நிறைவுற்றன. ஒவ்வோர் அலகும் 300 மெகாவாற்று. மொத்தம் 900 மெகாவாற்று. நாட்டின் மின்சாரத்தில் பெரும் பங்கு இங்கிருந்தே செல்கிறது. மூன்று அலகுகளும் இயங்கும் ஆண்டில் 20 இலட்சம் தொன்னுக்கும் மேற்பட்ட நிலக்கரி எரிக்கப்படுகிறது.

இனி வகுப்பறைக் கணக்கொன்றைச் செய்து பார்ப்போம். ஒரு தொன் நிலக்கரியில் 600 கிலோ காபன் இருப்பதாகக் கொள்வோம். 12 கிலோ காபன் எரிந்தால் 44 கிலோ காபனீரொட்சைட்டு உண்டாகும். எனவே 600 கிலோவிலிருந்து 2200 கிலோ வெளிவரும். ஒரு தொன்னை எரித்தால் இரண்டு தொன்னுக்கு மேல் வாயு எப்படி வந்தது என்று மாணவியர் வியப்பார்கள். மிகுதி 1600 கிலோவும் காற்றிலிருந்து சேர்ந்த ஒட்சிசன்.

அதே தொன்னில் அரை சதவீதம், அதாவது 5 கிலோ கந்தகம் இருப்பின், அது 10 கிலோ கந்தகவீரொட்சைட்டாக மாறும். 20 இலட்சம் தொன்னுக்கு இது 20,000 தொன். எவ்விதச் சுத்திகரிப்பும் இல்லாவிடின் காற்றில் கலக்கக்கூடிய அளவு இது.

கடல்நீர் செய்யும் வேலை

நுரைச்சோலையில் கந்தகவீரொட்சைட்டை அகற்றக் கடல்நீர் பயன்படுகிறது. கடல்நீர் இயல்பாகவே சற்றுக் காரத்தன்மையுடையது. அதிலுள்ள இருகாபனேற்று அயன்கள் அமில வாயுவை நடுநிலையாக்குகின்றன. பின்னர் காற்றூட்டும்போது கந்தகம் சல்பேற்றாக மாறுகிறது. சல்பேற்றோ ஒவ்வொரு லீற்றர் கடல்நீரிலும் ஏறத்தாழ 2.7 கிராம் வரை ஏற்கனவே உள்ள பொருள். புதிய இரசாயனப் பொருளொன்றைக் கொண்டுவராமல் இயற்கையில் உள்ளதையே பயன்படுத்தும் முறை இது.

எனினும் இதற்கும் விலை உண்டு. நடுநிலையாக்கத்தின்போது காபனீரொட்சைட்டு வெளிவருகிறது. போதிய காற்றூட்டாமல் திருப்பி விடப்படும் நீர், அமிலத்தன்மை கூடியதாயும் ஒட்சிசன் குறைந்ததாயும் இருக்கும். முருகைக் கற்பாறைகளும் மீன்வளமும் நிறைந்த கற்பிட்டிக் கடலில் இது அற்ப விடயமன்று. ஆகவே காற்றைச் சுத்தமாக்கும்போது கடலையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

சாம்பலும் கச்சான் காற்றும்

புகையிலுள்ள சாம்பலை நிலைமின் வீழ்படிவாக்கி பிடிக்கிறது. துணிக்கைகளுக்கு மின்னேற்றம் கொடுத்துத் தகடுகளில் ஒட்டச் செய்யும் கருவி இது. 'நூற்றுக்கு 99.5 பிடிபடுகிறது' என்றால் நமக்கு நிம்மதி. ஆனால் தொன்னொன்றுக்கு 80 கிலோ பறக்கும் சாம்பல் என்று கொண்டால், தப்பும் 0.5 சதவீதம் 400 கிராம். 20 இலட்சம் தொன்னுக்கு அது 800 தொன். அவ்வாறு தப்புபவற்றில் நுண்ணிய துணிக்கைகளின் பங்கு அதிகம். 2.5 மைக்ரோமீற்றரிலும் சிறிய துணிக்கைகள் நுரையீரலின் அடிவரை செல்லக்கூடியன. நமது தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோமீற்றர் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

புகைபோக்கியை விட எனது கவனத்தை அதிகம் ஈர்ப்பது நிலக்கரி முற்றமே. இங்கே நிலக்கரிக் கப்பல் கரைக்கு வருவதில்லை. நடுக்கடலில் நின்று, தட்டைப் படகுகளில் இறக்கப்படுகிறது. கச்சான் காற்று வீசும் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் இவ்வேலை நடவாது. எனவே அம்மாதங்களுக்குத் தேவையான நிலக்கரி முன்கூட்டியே மலைபோல் குவிக்கப்படுகிறது. நிலையமோ குடாநாட்டின் மேற்குக் கரையில் இருக்கிறது. கச்சான் கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுகிறது. ஆகவே எக்காற்று கப்பலைத் தடுக்கிறதோ, அதே காற்று குவியலின் தூசை ஊர்ப்பக்கம் தள்ளுகிறது. குவியல் பெரிதாகும் காலமும் காற்று ஊரை நோக்கித் திரும்பும் காலமும் ஒன்றாகிவிடுகின்றன. பயிர்களிலும் வீடுகளிலும் தூசு படிவதாக அயற்கிராமத்தவர் முறையிடுவதன் பின்னணி இதுவே. நீர் தெளித்தல், குவியலை இறுக்குதல், காற்றுத் தடுப்பு வேலி, மரவரிசை ஆகியன இதற்கான பரிகாரங்கள். வாடைக் காலத்தில் எடுத்த அளவீட்டைக் காட்டி, ஆண்டு முழுவதும் காற்று நல்லது எனக் கூறமுடியாது.

கழிவு மூலப்பொருளாகும்போது

பிடிபட்ட சாம்பல் என்னவாகிறது? சீமெந்து உற்பத்திக்குச் செல்கிறது. நமது மாவட்டத்திலேயே அருவாக்காட்டுச் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டு சீமெந்து செய்யப்படுவதை அறிவீர்கள். 100 கிலோ கல்சியம் காபனேற்றைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ காபனீரொட்சைட்டும் வரும். எரிபொருளை மாற்றினாலும் இந்த 44 கிலோவைத் தவிர்க்க முடியாது. ஆனால் சீமெந்தில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சாம்பலைச் சேர்த்தால் அந்த அளவுக்குச் சுண்ணாம்புக்கல் சுடுவது குறையும். சாம்பலிலுள்ள சிலிக்கா, சீமெந்து நீருடன் சேரும்போது உண்டாகும் கல்சியம் ஐதரொட்சைட்டுடன் தாக்கமுற்று உறுதியான பிணைப்பைத் தருகிறது.

ஆயினும் போல் அனஸ்தாஸ், ஜோன் வோர்னர் ஆகியோர் 1998இல் வெளியிட்ட பசுமை இரசாயனவியலின் பன்னிரண்டு தத்துவங்களில் முதலாவது, கழிவு உண்டானபின் சுத்திகரிப்பதிலும் அது உண்டாகாமல் தடுப்பதே மேல் என்பதாகும். புதிய நிலக்கரி மின் நிலையங்களை அமைப்பதில்லை என 2021இல் இலங்கை அளித்த உறுதிமொழி அத்திசையிலானது. நமது கரையோரத்தில் சுழலும் காற்றாலைகளும் அதையே நினைவூட்டுகின்றன.

ஒரு பெண் விஞ்ஞானி

1948இல் அமெரிக்காவின் டொனோரா நகரில் நச்சுப்புகை மூட்டத்தால் இருபது பேர் இறந்தனர். அதன்பின் மேரி அம்டர் என்னும் இளம் விஞ்ஞானி, கந்தக அமிலத் துளிகள் நுரையீரலை எவ்வாறு பாதிக்கின்றன என ஆராய்ந்தார். முடிவுகள் நிதி வழங்கிய தொழில் நிறுவனத்துக்கு உவப்பாக இல்லை. அவற்றை வெளியிடக்கூடாதென அவர் அச்சுறுத்தப்பட்டார், வேலையையும் இழந்தார். ஆயினும் வேறிடத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். துணிக்கையின் அளவு சிறிதாகச் சிறிதாகத் தீங்கு கூடும் என்ற உண்மையைப் பின்னாளில் உலகமே ஏற்றுக்கொண்டது.

நம்மால் செய்யக்கூடியவை

2.5 மைக்ரோமீற்றர் துணிக்கைகளுக்கு இலங்கையின் 2008ஆம் ஆண்டு நியமம் ஆண்டுச் சராசரியாகக் கனமீற்றருக்கு 25 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டலோ 5 மட்டுமே. 'நியமத்துக்கு உட்பட்டது' என்று யாரேனும் கூறினால் 'எந்த நியமத்துக்கு? எந்த மாதத்தில்? எந்த இடத்தில்?' எனக் கேட்கப் பழகுங்கள்.

கண்ணாடித் துண்டுகளில் வஸலின் பூசி, பாடசாலையின் நான்கு திசைகளிலும் ஒரு நாள் வைத்து, நுணுக்குக்காட்டியில் துணிக்கைகளை எண்ணுங்கள். காற்றின் திசையையும் மாதத்தையும் குறித்து வையுங்கள். பெரிய தூசு மாத்திரமே இதில் அகப்படும்; மிக நுண்ணியவற்றை அளக்கக் கருவி வேண்டும். எனினும் வாடைக்கும் கச்சானுக்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே காண்பீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஜன்னலற்ற சமையலறையில் மட்டையும் சிரட்டையும் எரியும்போது எழும் புகையிலும் இதே நுண்துணிக்கைகள் உள்ளன. அதை மிக அருகில் சுவாசிப்போர் தாய்மாரும் பெண்பிள்ளைகளும் சிறு குழந்தைகளுமே. புகை வெளியேற வழி செய்யுங்கள். பொலித்தீனை அடுப்பில் இடாதீர்கள். மகள் இரசாயனவியலை விரும்பினால் தடுக்காதீர்கள். பேராதனையிலும் மொறட்டுவையிலும் இரசாயனப் பொறியியல் கற்க இடமுண்டு.

மின்சாரம் நமக்கு வேண்டும். சுத்தமான காற்றும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்கும் உரிமை நமக்குண்டு. ஆனால் எண்களோடு கேட்பவரின் குரலுக்கே மதிப்பு அதிகம். நமது ஊரின் காற்றை அளந்து, அந்த எண்களை அச்சமின்றி எடுத்துரைக்கும் பொறியியலாளர் இக்கல்லூரி வகுப்பறையொன்றிலிருந்தே உருவாக வேண்டும் என்பது எனது ஆவல்.