உப்பு வெளிச்சத்தின் மேல் பழி போடாதே

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. உன் அம்மா போனில் சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. வலது கண்ணில் புகை படிந்த மாதிரி இருக்கிறதாம், கறுப்பாக ஏதோ மிதக்கிறதாம். வலி இல்லை, உப்பு வெளிச்சம்தான் என்று சொல்லிவிட்டு உப்பளப் பாத்தியில் இறங்கிவிட்டாயாம்.

மரக்காணத்துச் சித்திரை வெயிலில் உப்பைப் பார்த்தால் கண் கூசும், உறுத்தும், சிவக்கும். ஆனால் அது இரண்டு கண்ணையும் சேர்த்துத்தான் படுத்தும். வலியே இல்லாமல் ஒரு கண் மட்டும் திடீரென்று மங்குவது வேறு சங்கதி. வெள்ளை விழியில் ரத்தம் திட்டாகக் கட்டினால்கூட நான் இவ்வளவு பதற மாட்டேன்; அது பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானே கரைந்துவிடும். உன் கண்ணுக்குள்ளே, விழித்திரையில் கசிந்திருக்குமோ என்றுதான் பயம்.

உடம்பை அறுக்காமல் ரத்தக்குழாயை நேராகப் பார்க்க முடிகிற இடம் விழித்திரை. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து விளக்கடித்தால் எல்லாம் தெரியும். பிரஷர் வருஷக்கணக்கில் ஏறிக்கிடந்தால் தமனியின் சுவர் தடித்து, குறுக்கே போகும் சிரையை நசுக்கியிருக்கும். பக்கத்திலேயே தீ நாக்கு போல ரத்தம் தெறித்திருக்கும். மூளைக்குள் ஓடும் நுண்குழாய்களும் அதே ரத்த அழுத்தத்தைத்தான் தாங்குகின்றன. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் கீத், வேகனர், பார்க்கர் மூவரும் 1939-லேயே விழித்திரையின் இந்த மாற்றங்களை நாலு தரமாகப் பிரித்து, தரம் ஏற ஏற ஆயுள் குறைவதைக் காட்டினார்கள். கண்ணில் கசிந்தவர்களுக்கெல்லாம் மூளையிலும் கசியும் என்றில்லை; சர்க்கரையாலும் கண்ணில் கசியலாம். பார்த்தால்தானே தெரியும்?

தலைவலி இல்லையென்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டாயாமே, அதில்தான் எனக்குக் கோபம். பிரஷர் சத்தம் போடாமல்தான் கெடுக்கும். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, ராசா. கருவாட்டையும் ஊறுகாயையும் குறை. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, இதுவரை வராத தலைவலி இடிபோல வந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடும்படி வீட்டில் சொல்லிவை. யாரும் ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். மூளையில் அடைப்பா கசிவா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். கசிவாக இருந்தால் அந்த மாத்திரையே கேடு.

இந்தக் கடிதம் கிடைத்ததும் அரசு ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்துவிட்டு, அன்றைக்கே பஸ் ஏறிப் புதுச்சேரி தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போ. பழைய மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொள். சொட்டு விட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். பைக் வேண்டாம், தம்பியைத் துணைக்குக் கூட்டிப்போ. டாக்டர் சொன்னதை அப்படியே எனக்குப் போனில் சொல்.

உன் அத்தை