கடல் கடந்த தந்தப் பேழை



ஜோகுபாளையத்திலிருந்து சிறிது தொலைவில் உள்ளது அல்சூர் சோமேசுவரர் கோயில். அதன் கற்சுவரில் கயிலை மலையைத் தூக்கும் இராவணனின் உருவத்தைக் காணலாம். கல்லில் கதை சொல்வது நம் சிற்பிகளின் மரபு. யானைத் தந்தத்தில் கதை சொன்ன சிற்பிகளும் இருந்தனர். அவர்கள் செதுக்கிய ஒரு பேழை, ஓர் அரசின் வரலாற்றையே சுமந்து கடல் கடந்தது. அந்த வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இடைக்கால ஐரோப்பாவில் தந்தம் பெருஞ்செல்வமாக மதிக்கப்பட்டது. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் பாரிசு நகரக் கைவினைஞர்கள் ஆப்பிரிக்க யானைத் தந்தத்தில் மரியன்னையின் திருவுருவங்களையும் சிறு பேழைகளையும் செதுக்கினர். திருவுருவங்கள் தேவாலயங்களையும் வழிபாட்டு அறைகளையும் அணிசெய்தன. வீரர்களின் காதற்கதைகள் செதுக்கப்பட்ட பேழைகள் அரண்மனை மகளிரின் அணிகலன்களைக் காத்தன. பக்தியும் ஆடம்பரமும் ஒரே பொருளில் குடிகொண்டிருந்தன.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியர் இலங்கைக்கு வந்தனர். அங்கிருந்த கோட்டை அரசின் சிற்பிகள் தந்தவேலையில் தேர்ந்தவர்கள். இலங்கை ஆண் யானைகளில் தந்தமுடையவை மிகச் சிலவே. ஆகவே தந்தம் அங்கும் அரசர்க்குரிய அரும்பொருளாயிற்று.

1521இல் கோட்டை அரசு மூன்று உடன்பிறந்தாரிடையே பிரிந்தது. மூத்தவரான ஏழாம் புவனேகபாகு கோட்டையை ஆண்டார். இளையவரான மாயாதுன்னை சீதாவக்கையை ஆண்டார். புவனேகபாகுவுக்கு ஆண்மகவு இல்லை. தம் மகளின் மைந்தன் தர்மபாலனே அரியணை ஏற வேண்டும் என அவர் விரும்பினார். தம்பியோ அவ்வரியணையைத் தமக்கென நாடினார். தம்பியின் படைவலிமைக்கு அஞ்சிய அரசர் போர்த்துகீசியரின் துணையை நாடினார்.

1541இல் ஓர் அந்தணத் தூதரின் தலைமையில் ஒரு குழு போர்த்துக்கல்லை நோக்கிப் புறப்பட்டது. சிறுவன் தர்மபாலனின் பொற்படிமம் ஒன்றும் அக்குழுவுடன் நீண்ட கடற்பயணம் சென்றது. போர்த்துக்கல் மன்னர் மூன்றாம் ஜோவாவோ அப்படிமத்திற்கு முடிசூட்டினார். முடிசூடிய சிறுவனோ இலங்கையில் இருந்தான்!

அந்நிகழ்ச்சி தந்தத்தில் செதுக்கப்பட்டது. மாணிக்கமும் நீலமும் பொன்னும் பதித்த அப்பேழையின் ஒரு பலகையில், மன்னர் தம் கையால் படிமத்திற்கு மகுடம் சூட்டும் காட்சி உள்ளது. பிற்காலத்தில் அப்பேழை பவேரியக் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்டின் கருவூலத்தை அடைந்தது. இன்றும் அது செருமனியின் மியூனிக் நகர அரண்மனையில் காக்கப்படுகின்றது.

இலண்டனில் உள்ள மற்றொரு பேழையும் நம் கருத்தைக் கவர்கின்றது. அதில் மரியன்னையின் வாழ்க்கைக் காட்சிகளும் ஈசாயின் குலமரமும் இடம்பெற்றுள்ளன. பாரிசில் அச்சான செபநூலின் படங்கள் இவற்றிற்கு முன்மாதிரியாயின. தோற்பை இணைந்த குழலை ஊதும் மனிதன் ஒருவனும் அதில் உள்ளான். செருமானிய ஓவியர் டியூரர் 1514இல் செதுக்கி அச்சிட்ட படத்திலிருந்து வந்தவன் அவன். கதை புதிது, உளி பழையது. அயல்நாட்டுக் காட்சிகளைச் சுற்றித் தம் மண்ணின் கொடிச்சுருள்களையும் விலங்குருவங்களையும் சிற்பிகள் செதுக்கினர். பிறர் கதையைச் சொல்லும்போதும் அவர்கள் தம் கையெழுத்தை இழக்கவில்லை.

ஆனால், அரசர் நாடிய காவல் கிட்டியதா? 1551இல் போர்த்துகீசியப் படைவீரன் ஒருவனின் துப்பாக்கிக் குண்டுக்குப் புவனேகபாகு இரையானார். அதன்பின் வந்த போர்த்துகீசிய ஆளுநர் அரண்மனைக் கருவூலத்தைச் சூறையாடினார். தர்மபாலன் அரியணை ஏறினார். 1557இல் கிறித்தவம் தழுவினார். 1580இல் தம் அரசையே போர்த்துக்கல் மன்னருக்கு உரிமையாக எழுதிக் கொடுத்தார். 1597இல் அவர் மறைந்தபோது அவ்வாவணமே நாட்டை அயலார் கையில் சேர்த்தது. அன்று படிமத்திற்குச் சூட்டிய மகுடம் காவலாகவில்லை, கட்டாயிற்று.

பேழையைச் செதுக்கிய சிற்பியின் பெயர் அதில் இல்லை. எனினும் அரசரும் ஆளுநரும் மறைந்த பின்னரும் அவனது சிற்றுளி பேசிக்கொண்டிருக்கின்றது. அழகிய பொருளைக் காணும்போது, “இதைச் செய்தவர் யார்? செய்வித்தவர் யார்? எதற்காக?” என்று வினவுதல் வேண்டும். அவ்வினாக்களே கலைப்பொருளை வரலாற்றுச் சான்றாக்கும்.

அருஞ்சொற்பொருள்

பேழை – பெட்டி
படிமம் – உருவச்சிலை
மைந்தன் – மகன்
மகுடம் – மணிமுடி
கருவூலம் – செல்வம் காக்கும் இடம்
கோமகன் – சிற்றரசன்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. கோட்டை அரசு மூன்றாகப் பிரிந்த ஆண்டு ________.
2. முடிசூட்டுக் காட்சி உள்ள பேழை ________ நகர அரண்மனையில் உள்ளது.

ஆ. பிரித்து எழுதுக.
1. பொற்படிமம்
2. கடற்பயணம்
3. சிற்றுளி

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. புவனேகபாகு பொற்படிமத்தை அனுப்பியதன் நோக்கம் யாது?
2. “கதை புதிது, உளி பழையது” – விளக்குக.

ஈ. சிந்தித்து எழுதுக.
“மகுடம் காவலாகவில்லை, கட்டாயிற்று” என்னும் கூற்றை நீவிர் ஏற்கின்றீரா? பாடத்திலிருந்து இரு சான்றுகள் தந்து விளக்குக.

உ. செயல்பாடு
நும் வீட்டிலோ அருகிலுள்ள கோயிலிலோ காணும் ஒரு கைவினைப் பொருளை வரைக. அது எவ்வூரிலிருந்து வந்தது, எப்பொருளால் ஆனது என்பவற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.