கிக்கர் சுத்துது, வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகலை?



எங்க அத்தா தொண்டியில் மீன் எடுத்து, மொபெட்டில் திருவாடானை பக்கம் கொண்டு போய் விற்கிறார். போன வாரம் ஒரு காலையில் பெட்டியில் மீனும் ஐஸும் கட்டியாச்சு. கிக்கரை உதைத்தால் எஞ்சின் சுத்துது, வண்டி மட்டும் கிளம்பலை. வெயில் ஏறினால் ஐஸ் கரையும், மீன் கெடும், போட்ட முதல் போச்சு.

"போன தடவை இப்படி நின்னப்ப காயிலை மாத்தச் சொன்னாங்க. 400 ரூபாய் போனதுதான் மிச்சம். இப்ப நாமளே பாப்போம்மா" என்றார் அத்தா. பக்கத்தில் நின்று நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். எங்களுடையது கார்புரேட்டர் உள்ள பழைய வண்டி.

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும். காற்றோடு கலந்த பெட்ரோல், அதை அமுக்கும் அழுத்தம், சரியான நேரத்தில் ஒரு பொறி. எது இல்லை என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. டேங்கில் பெட்ரோல் இருக்கா, குழாய் திறந்திருக்கா, சுவிட்ச் போட்டிருக்கா? எல்லாம் சரி.

2. பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. எங்க பிளக் நனைந்திருந்தது. அப்படின்னா பெட்ரோல் வருது, பொறியில்தான் சந்தேகம்.

3. அத்தா குழாயை மூடி, பிளக்கைத் துடைத்து, கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு பிளக்கைக் கேப்பில் மாட்டி, ஓட்டைக்குத் தள்ளி எஞ்சின் இரும்பில் படவைத்து உதைத்தார். பொறி வரலை. வேறு பிளக் போட்டும் வரலை. அதனால் குற்றம் பிளக்கில் இல்லை.

4. கேப்பைக் கழற்றினால் ஒயர் நுனியில் பச்சைக் களிம்பு! கேப்பைத் துடைத்துக் காயவைத்து, ஒயர் நுனியை அரை இஞ்ச் வெட்டி மறுபடி மாட்டினார். நீல நிறப் பொறி 'டிக் டிக்' என்று அடித்தது. பிளக்கைப் பூட்டி, குழாயைத் திறந்து உதைத்தார். இரண்டாம் உதையில் வண்டி கிளம்பியது. மீன் கெடலை.

ஏன் இப்படி ஆச்சு? 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இங்கே வேலை செய்கிறது. காந்தம் சுற்றும்போது கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. இக்னிஷன் காயில் ஓர் ஏற்று மின்மாற்றி மாதிரி. அது மின்னழுத்தத்தைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அப்போதுதான் பிளக்கில் உள்ள ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியைப் பொறி தாண்டும். நம்ம ஊரில் உப்புக்காற்று. போதாததற்கு மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் தண்ணீர். உப்பு ஈரம் செம்புக் கம்பியை அரிக்கும், மின்சாரத்தையும் வேறு வழியில் கசியவிடும். பொறி எப்படி வரும்?

தோழிகளே, பெரியவர்கள் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவியில் பொறி பட்டால் தீப்பிடிக்கும். ஒயர் நுனியைத் தொட்டால் கடுமையாக ஷாக் அடிக்கும்.

பொருளை மாற்றும் முன் காரணத்தைத் தேடணும். இப்போது தினமும் சாயங்காலம் அந்தக் கேப்பை நான்தான் துடைத்து வைக்கிறேன்.